வேளாக்கொம்பு

சித்தப்பா வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்கு மேலே ஒரு வேளாக்கொம்பு மாட்டியிருக்கும். தாத்தா காலத்தில் வலையில் விழுந்த வேளா சுறாவினுடையது. கைநீளத்துக்கு மேல் இருக்கும் அதில் இரண்டு ஓரமும் பல். இப்போது எங்கள் கரையில் வேளாவைப் பார்த்தவர்கள் கிழவர்கள் மட்டும்தான். பட்டாலும் கரைக்குக் கொண்டுவரக் கூடாது, 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பட்டினப்பாலையில் பரதவர்கள் சுறாக்கொம்பை நட்டுக் கும்பிடும் இடம் வரும். கல்லூரியில் அந்தப் பாடம் நடந்தபோது எனக்குச் சித்தப்பா வீட்டுச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

2023இல் பிளம்பிங் வேலைக்காகப் பேட்டரி ரம்பம் ஒன்று வாங்கினேன். கடைக்காரர்கள் 'ரெசிப்ரோ' என்பார்கள். டிரில்லிங் மிஷினை நீட்டிவிட்டு, முனையில் ஒரு ஜாண் பிளேடைச் செருகினால் எப்படி இருக்கும், அதுதான். சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, வேளா மாதிரி இருக்குது?" என்றார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அதற்குப் பெயர் வேளா. "அண்ணே, வேளாவ ஒரு நாளைக்குக் குடுண்ணே" என்று கேட்டு வருவார்கள். கொடுத்துக்கொண்டும் இருந்தேன். அதுதான் முதல் தப்பு என்று இப்போது படுகிறது.

கனகசெட்டிக்குளம் புதுச்சேரியின் வடக்கு ஓரம். ஈ.சி.ஆரில் காலாப்பட்டைத் தாண்டி வந்தால் நாங்கள், எங்களைத் தாண்டினால் கீழ்புத்துப்பட்டு. அது தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் பங்கு போட்ட கோடு இன்றைக்கும் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஓடுகிறது. புயலடித்த மறுநாள் காலையில்தான் அந்தக் கோடு எல்லோருக்கும் ஞாபகம் வரும், நிவாரணம் எந்த சர்க்கார் கொடுக்கும் என்பதற்காக. காற்றுக்கு அந்தக் கோடு தெரியாது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நான் பள்ளிக்கூடப் பையன். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த காற்று அது. சவுக்கு, முந்திரி, பலா என்று படுத்த மரங்களை அப்போது கோடாலியாலும் இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தாலும்தான் வெட்டினோம். எங்கள் தெருவைத் திறக்கவே நாலு நாள் ஆனது. எல்லோருக்கும் கை கொப்புளித்தது, ஆனால் பெரிய காயம் யாருக்கும் இல்லை. கோடாலி மெதுவான கருவி. ஓங்குவதற்கு முன்னால் மனுஷன் ஒரு தடவை யோசிக்கிறான்.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு வந்தது. காற்று தானேயைவிடக் குறைவு. ஆனால் கரையைக் கடந்த பிறகு நகராமல் புதுச்சேரி மேலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. மண் கூழாகி, காற்றுக்கு அசையாத மரங்கள்கூட வேரோடு சாய்ந்தன. சித்தப்பா வீட்டுக் கொல்லைப் பூவரசு அப்படித்தான் சாய்ந்தது. பாதி மதில் மேல், பாதி சமையலறைக் கூரை மேல். கரண்ட் இல்லை, பெட்ரோல் போட்டு ஓட்டும் செயின் சா வைத்திருந்தவரைப் பிடிக்க முடியவில்லை. என்னிடம் வேளா இருந்தது. இரண்டு பேட்டரியும் முழு சார்ஜில் இருந்தன.

இந்த மிஷினை எடுத்தவுடன் வரும் தைரியம் ஆபத்தானது. செயின் சா போடும் சத்தமே ஆளை எட்டி நிற்க வைக்கும். இது அப்படி இல்லை. பொத்தானை விட்டால் சட்டென்று நின்றுவிடும், புகை கிடையாது, பிளேடு பார்க்க ஹாக்சா பிளேடின் அண்ணன் மாதிரிதான் இருக்கும். உள்ளே மோட்டார் சுற்றுகிற சுற்றை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு அசைவு 3 சென்டிமீட்டர். முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 3,000 தடவை. அமெரிக்காவில் மில்வாக்கி கம்பெனி 1951இல் கொண்டுவந்த இதே வகை மிஷினுக்கு 'சாஸால்' என்று பெயர் வைத்தார்கள். எல்லாத்தையும் அறுக்கும் என்று அர்த்தம். பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. மரம், ஆணி, பி.வி.சி. குழாய், ஜி.ஐ. குழாய், எதுவும் அதற்கு ஒன்றுதான். விரலும்.

அன்றைக்கு நான் முதலில் செய்ய இருந்தது மடத்தனம். மதிலுக்கும் கூரைக்கும் நடுவில் பாலம் மாதிரிக் கிடந்த கிளையை மேலிருந்து அறுக்கப் போனேன். சித்தப்பா தடுத்தார். அவர் ரம்பம் பிடித்தவர் இல்லை, கடலுக்குப் போனவர். "கயிறு இழுவைல இருக்கும்போது எந்தப் பக்கம் நிப்ப?" என்று கேட்டார். தெறித்தால் அடிபடும் பக்கம் நிற்க மாட்டேன் என்றேன். "மரமும் கயிறுதாண்டா" என்றார்.

பிறகு உட்கார்ந்து படித்ததில் எல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் விரிவாக இருந்தது. இரண்டு முனையும் தாங்கலில் இருக்கும் கிளை நடுவில் தொய்யும். அதன் மேல்பக்கம் நெருக்குண்டு இருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டு இருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு வாய் மூடி பிளேடைக் கவ்விக்கொள்ளும். அதனால் நெருக்குண்ட பக்கத்தில் முதலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து மீதி. ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்து மறுமுனை அந்தரத்தில் தொங்கினால் எல்லாம் தலைகீழ். அப்போது நெருக்கம் கீழே, இழுவை மேலே. முதல் வெட்டைக் கீழிருந்து போட வேண்டும். இல்லையென்றால் கிளை உடையும்போது பட்டையை நீளமாகக் கிழித்துக்கொண்டு வந்து ஆளை அடிக்கும். இன்னொரு வகை உண்டு, பெரிய மரம் விழுந்து அமுக்கியதில் வில்லாக வளைந்து கிடக்கும் இளஞ்செடி. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். அறுத்ததும் முகத்துக்கு வரும். சவுக்குத் தோப்பில் இதுதான் அதிகம். வளைவின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி அதன் திமிரை இறக்கிவிட்டுத்தான் அறுக்க வேண்டும், அதுவும் அது நிமிர்ந்து வரும் வழியில் நிற்காமல்.

சித்தப்பா ஒவ்வொரு கிளையையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு எங்கே அறுப்பது என்று சொன்னார். நான் அறுத்தேன். தம்பி, அதாவது சித்தப்பா மகன், அறுத்ததை இழுத்துப் போட்டான். மூன்று மணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே போனது. கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் ஒரு கிளை குத்தி நின்றது. தகட்டைச் சுற்றி அறுத்தால் சுலபமாக வந்துவிடும் என்று தோன்றியது. அதை மட்டும் செய்யவில்லை. அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கிவிடும் என்று வேலையிடத்தில் தெரிந்துகொண்டிருந்தேன். நம் நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தோண்டுவதை நிறுத்தி வெகு காலமாகிறது, இறக்குமதி செய்து கூரை போடுவதை இன்னும் நிறுத்தவில்லை. தகட்டை நனைத்துவிட்டு போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கினோம். ஆகப் பெரிய அறிவாளி மாதிரி தம்பிக்கு விளக்கமெல்லாம் சொன்னேன்.

கடைசி அடிக்கிளையில் பிளேடு சிக்கியது. சித்தப்பா டீ வாங்கப் போயிருந்தார், நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வெட்டு வாய் மூடிக்கொண்டது. பிளேடு வளைந்திருந்தது. "கிளைய கொஞ்சம் தூக்குடா, பிளேடப் புடிச்சு நெளிச்சு விடு" என்றேன். தம்பி இடது கையால் பிளேடைப் பிடித்தான். நான் மிஷினைப் பின்னால் இழுத்தேன். மழையில் நனைந்த கையுறை, விரல் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அரை விநாடிகூட இருக்காது. பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நிமிஷத்துக்கு 3,000 என்றால் அரை விநாடிக்கு 25 தடவை.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சவ்வு. ஏழு தையல். எலும்பு தப்பியது. தையல் போட்டவர் என்ன மிஷின் என்று கேட்டார். சொன்னேன். "ஸ்விட்ச் ஆஃப் பண்ணலையா?" என்றார். இதில் ஆஃப் பண்ண ஸ்விட்ச் என்று தனியாக இல்லை, பொத்தானை விட்டால் ஆஃப், பூட்டு ஒன்று உண்டு, ஆனால் உண்மையில் பேட்டரியைக் கழற்றினால்தான் ஆஃப் என்றெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். தம்பி கட்டிலிலிருந்து, "விடுண்ணே" என்றான்.

வயர் உள்ள மிஷினாக இருந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கியிருப்பேன். வயர் என்பது கண்ணுக்குத் தெரியும் உயிர். அது தரையில் ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வோம். பேட்டரி மிஷினில் அந்த உயிர் உள்ளேயே இருக்கிறது. கீழே வைத்தாலும் இருக்கிறது, பையில் போட்டாலும் இருக்கிறது, இரவல் கொடுத்தாலும் கூடவே போகிறது. பிளேடு மாற்றும் முன், சிக்கினதை எடுக்கும் முன், ஒரு நிமிஷம் கீழே வைக்கும் முன் பேட்டரியைக் கழற்று என்று எல்லாக் கையேட்டிலும் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நான் படித்திருந்தேன். தனியாக வேலை செய்யும்போது கடைப்பிடிக்கவும் செய்தேன். இரண்டு பேர் சேர்ந்த இடத்தில்தான் தவறிற்று. பிளேடு அவன் கையில், விசை என் கையில். பெரிய தொழிற்சாலைகளில் மிஷினுக்குள் கை விடுகிறவன் மெயினை அணைத்து, தானே பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் இறங்குவான். எங்கள் கொல்லையில் அந்தச் சாவி பேட்டரிதான். இப்போது எனக்கு ஒரே சட்டம்: பிளேடு பக்கம் கை வைப்பவன் கையில் பேட்டரி இருக்க வேண்டும். ஓட்டுகிறவனிடம் இல்லை.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டவை. மிஷினின் மூக்கில், பிளேடைச் சுற்றி, ஒரு இரும்புத் தகடு இருக்கும். ஷூ என்பார்கள். அது வெட்டும் பொருளை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிளேடின் பல் பெரும்பாலும் உள்ளே இழுக்கும்போதுதான் கடிக்கிறது. ஷூ ஒட்டாமல் இருந்தால் மரத்துக்குப் பதிலாக மிஷினும் கையும் சேர்ந்து ஆடும். நிறையப் பேர், நானும் முன்பு, அறுபடவில்லையே என்று இன்னும் பலமாகக் குத்துவார்கள். பிளேடு வளைவதுதான் மிச்சம். பிளேடின் முனை எப்போதும் மறுபக்கம் வெளியே வந்திருக்க வேண்டும், உள்வாங்கும் நேரத்திலும்கூட. குட்டையான பிளேடு போட்டால் முனை மரத்துக்குள்ளேயே முட்டி, மிஷின் நெஞ்சைப் பார்த்து உதைக்கும். நீளமென்றால் பாட்டுக்கு நீளமும் கூடாது, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. புயல் நாளில் மறுபக்கம் பெரும்பாலும் வயர். கரண்ட் இல்லை என்பதை நம்பி அறுப்பவர்கள் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் மறந்துவிடுகிறார்கள். பேட்டரி மிஷின்தானே, ஷாக் அடிக்காது என்ற எண்ணமும் உண்டு. அறுபடும் வயரில் உயிர் இருந்தால் எந்த மிஷினும் அடிக்கும்.

பல் விஷயம் சுலபம். அங்குலத்துக்கு ஐந்தாறு பல் மரத்துக்கு, பதினான்கு, பதினெட்டு இரும்புக்கு. ஈர மரத்துக்கு இன்னும் அகலமான பல் வைத்த கிளை வெட்டும் பிளேடு தனியாகவே வருகிறது. சவுக்கு விறகாகப் பார்க்கத்தான் சாது, காய்ந்துவிட்டால் இரும்பு. மழுங்கிய பிளேடால் அதை அறுத்தால் புகையும். மழுங்கிய பிளேடை இன்னும் ஒரு வெட்டு, இன்னும் ஒரு வெட்டு என்று இழுப்பது நம் ஊர்க் குணம். அது மிச்சப்படுத்தும் காசை மணிக்கட்டு கொடுக்கிறது.

மணிக்கட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் செதுக்குபவர்களைப் போய்ப் பார்த்தார். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போயிருந்தன. அதிர்வுதான் காரணம் என்று எழுதினார். ஐரோப்பாவில் 2002இலிருந்து இதற்கு அளவு வைத்திருக்கிறார்கள், எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக 5 மீ/வி². அதற்கு மேல் போகக் கூடாது. என் மிஷினின் கையேட்டில் மரம் அறுக்கும் அதிர்வு ஏறக்குறைய 20 என்று போட்டிருக்கிறது. நாலு மடங்கு அதிர்வென்றால் நேரம் நாலில் ஒரு பங்கு இல்லை, பதினாறில் ஒரு பங்கு. அதாவது ஒரு நாளைக்குப் பொத்தானை அழுத்தியிருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து அரை மணி. நான் அன்றைக்கு இரண்டு பேட்டரியும் தீரும் வரை பிடித்திருந்தேன். இரவு தம்ளரைத் தூக்கும்போது விரல் நுனி எல்லாம் எறும்பு ஊர்ந்தது. அந்த மரத்துப்போன கையோடுதான் கடைசிக் கிளைக்கு வந்தேன் என்பதை இப்போது சேர்த்துப் பார்க்கிறேன். சாக்காகச் சொல்லவில்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. இது உப்புக்காற்று ஊர். இங்கே சைக்கிள் மணியே ஒரு வருஷம்தான் அடிக்கும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, பிளேடு ஆறிய பிறகு எடுத்து (உடனே தொட்டால் சுடும், அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்), பிளேடு மாட்டும் வாயைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்வேன். மரத்தூளும் பாலும் அங்கே சேர்ந்து இறுகினால் பிளேடு சரியாக உட்காராது, ஓடும்போது கழன்று பறக்கும். பலா, முருங்கைப் பிசினுக்குப் பிளேடில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். பேட்டரி மாட்டும் பித்தளைப் பல்லைக் காய்ந்த துணியால் துடைப்பேன்.

பேட்டரி தனிக் கதை. உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கிறது. ஒன்றுக்கு 3.6 வோல்ட், மொத்தம் 18. அதையே முழு சார்ஜில் ஒன்றுக்கு 4 என்று கணக்குப் போட்டு '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்பார்கள். இரண்டும் ஒன்றுதான், அதிகக் காசு கொடுக்க வேண்டாம். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் போடக் கூடாது. மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது. ஆணிகளோடு ஒரே பையில் போட்டால் ஆணி இரண்டு முனையையும் இணைத்துவிடும். மாசக்கணக்கில் சும்மா வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது.

ஃபெஞ்சல் வெள்ளத்தில் என் அறையின் அலமாரி அடித்தட்டில் இருந்த மூன்றாவது பழைய பேட்டரி ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. காய வைத்து சார்ஜ் போட்டுப் பார்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். 2022இல் ஃபுளோரிடாவில் இயான் சூறாவளிக்குப் பிறகு கடல் நீரில் முங்கிய மின்சாரக் கார்கள் சில நாள் கழித்துத் தானாகத் தீப்பிடித்த செய்தியைப் படித்திருந்தேன். மணல் நிரப்பிய பக்கெட்டில் வைத்து வீட்டை விட்டுத் தள்ளி வைத்தேன். அம்மா அதைத் தினமும் ஒரு தடவை எட்ட நின்று பார்த்துவிட்டு வருவாள், ஏதோ பாம்பு மாதிரி. பிறகு பழைய எலக்ட்ரானிக் சாமான் எடுப்பவரிடம், தண்ணீரில் கிடந்தது என்று சொல்லியே கொடுத்தேன்.

தம்பி ஆறு மாதத்துக்கு மேல் கடலுக்குப் போகவில்லை. வலை இழுக்கும்போது கயிறு உட்காரும் இடம் சரியாக அந்தச் சவ்வுதான். அது எனக்குத் தெரியாது, அவன் ஒரு நாள் கயிறைச் சுற்றிக் காட்டியபோதுதான் பார்த்தேன். தையல் ஆறி, போகலாம் என்று நினைத்தபோது ஏப்ரல் 15 வந்துவிட்டது, மீன்பிடித் தடைக்காலம். ஜூன் பாதியில்தான் போனான். கட்டை விரலின் உள்பக்கம் இன்னும் பாதி உணர்ச்சி இல்லை. மீன் முள் குத்தினால் தெரிவதில்லை, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது என்கிறான். நான் காசு கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டது எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை நினைத்தால் கேவலமாகவும் இருக்கிறது. அவன் ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சித்தப்பா மட்டும் ஒரே ஒரு தடவை, "நான் டீக்குப் போயிருக்கக் கூடாதுடா" என்றார். அது என்னைத் திட்டியதா, அவரைத் திட்டிக்கொண்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சுனாமிக்குப் பிறகு கொடுத்த ஃபைபர் படகு ஒன்று அவர்கள் வீட்டுப் பின்னால் உடைந்து கிடந்தது. ஃபைபரை எரிக்க முடியாது, மக்காது, விலைக்கும் எடுக்க மாட்டார்கள். போன மாசம் தம்பியே வந்து, "வேளாவ எடுத்துட்டு வாண்ணே, துண்டு போட்டுரலாம்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கண்ணாடி இழை பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் கார்பைடு பிளேடு வாங்கினேன். தூளுக்கு முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. அப்படியும் இரண்டு நாள் கழுத்தெல்லாம் அரித்தது.

பாதிப் படகு அறுத்ததும் பிளேடு மாற்ற வேண்டி வந்தது. மிஷினைக் கீழே வைத்தேன். தம்பி ஒன்றும் பேசாமல் இடது கையை நீட்டினான். பேட்டரியைக் கழற்றி அதில் வைத்தேன். அதை லுங்கி மடியில் செருகி, முடிச்சுப் போட்டுக்கொண்டு, குனிந்து பிளேடைப் பிடித்தான்.